ஃபுஜி ஆற்றங்கரையிலிருந்து திரும்பிய படை

ஜப்பானிய வரலாற்றில் ஊறிப்போன நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கே காமகுரா என்ற ஊரில் போர்வீரர் ஆட்சியை நிறுவிய மினமோட்டோ யோரிடோமோவின் பெயரை எடுத்தாலே நண்பரின் முகம் மாறிவிடும். "அந்த ஆள் என்ன செய்தார் சொல்லு? தம்பி போய்ப் போரை ஜெயித்துக் கொடுத்தான். அண்ணன் காமகுராவில் உட்கார்ந்த இடத்திலேயே எல்லாவற்றையும் அனுபவித்தார். கடைசியில் தம்பியையே துரத்திச் சாகடித்தார்" என்பார். ஜப்பானில் எண்ணூறு வருடமாக மக்கள் சொல்லிவருவதும் ஏறக்குறைய இதுதான். பீவா என்ற நரம்பிசைக் கருவியை மீட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பாடியவர்கள் தம்பி யோஷிட்சுனேயைத்தான் பாடினார்கள், நாடக மேடைகளில் அழவைத்ததும் அவர்தான். நண்பர் சொல்வது எதையும் என்னால் மறுக்க முடியவில்லை, ஆனாலும் அந்தப் பேச்சு முடிந்த பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி மட்டும் மனசில் உட்கார்ந்துகொள்ளும்: வெறும் ஆள், படை இல்லை, நிலம் இல்லை, பதவி இல்லை, இருபது வருடம் நாடுகடத்தப்பட்டவர், முதல் பெரிய போரிலேயே தோற்று ஓடியவர், அவரிடம் போய் ஏன் அத்தனை போர்வீரர்கள் தலை குனிந்து நின்றார்கள்? வீரத்தால் என்றால் அவரைவிட வீரர்கள் பலர் இருந்தார்கள். வம்சத்தால் என்றால் மினமோட்டோ வம்சத்திலேயே அவருக்குப் போட்டிக்கு ஆள் குறைவில்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் பெரிய கடற்போர்களில் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அது 1180ஆம் ஆண்டு, ஜப்பானியச் சந்திரக் கணக்கில் பத்தாம் மாதம், ஃபுஜி ஆற்றங்கரையில் எடுத்த ஒரு முடிவில் இருக்கிறது. அந்த முடிவு முழுக்க அவருடையதும் இல்லை.

அங்கே போவதற்கு முன் கொஞ்சம் பின்கதை. 1160இன் தொடக்கத்தில், தலைநகர் கியோட்டோவில் நடந்த ஹெய்ஜி கலகத்தில் அப்பா யோஷிடோமோ டைரா குடும்பத்திடம் தோற்றுத் தப்பி ஓடும்போது, தஞ்சம் கொடுத்த சொந்த அடியாளாலேயே குளியலறையில் வைத்துக் கொல்லப்பட்டார். பதின்மூன்று வயதுப் பையன் யோரிடோமோ பிடிபட்டான். டைரா குடும்பத் தலைவர் கியோமோரி அவனைக் கொன்றிருக்க வேண்டும், அந்தக் காலத்து வழக்கம் அதுதான். கியோமோரியின் சிற்றன்னை, துறவு பூண்டிருந்த அம்மாள், பையனுக்காக மன்றாடினார், இறந்துபோன தன் மகனின் சாயல் இவனிடம் இருக்கிறது என்று சொன்னதாகக் கதை. பையன் கிழக்கே இசு மாகாணத்துக்கு நாடுகடத்தப்பட்டான். அடுத்த இருபது வருடம் அங்கேதான். சிறுவயதில் பாலூட்டிய தாதி குடும்பத்து அம்மாள் ஒருவர் அத்தனை வருடமும் முசாஷி மாகாணத்திலிருந்து உணவுப் பொருள் அனுப்பிக்கொண்டிருந்தார். இன்னொரு தாதியின் உறவினரான மியோஷி யாசுநோபு என்ற அரண்மனை எழுத்தர் மாதம் மூன்று முறை கியோட்டோ செய்தியை எழுதி அனுப்பினார். உள்ளூர்ச் சின்னப் பிரபு ஹோஜோ டோகிமசாவின் மகள் மசாகோவைக் கல்யாணம் செய்துகொண்டார். இவ்வளவுதான் அவருடைய சொத்து: சோறு போட ஒரு அம்மாள், சேதி சொல்ல ஒரு எழுத்தர், துணிச்சலான ஒரு மனைவி, அப்புறம் அப்பாவின் பெயர்.

1180இல் இளவரசர் மோச்சிஹிட்டோ டைரா ஆட்சிக்கு எதிராக எழச்சொல்லி அழைப்பு விடுத்துவிட்டு, உஜியில் நடந்த சண்டையோடு உயிரையும் விட்டபோது, அந்த அழைப்பு யோரிடோமோ கையில் இருந்தது. மினமோட்டோ வாரிசுகளைத் தீர்த்துக்கட்டப் போகிறார்கள் என்ற சேதியை மியோஷி அனுப்பிவைத்தார். இனி சும்மா இருந்தாலும் சாவு, எழுந்தாலும் சாவு என்ற நிலை. அப்போது அவர் செய்த ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். உள்ளூர் வீரர்களை ஒவ்வொருவராகத் தனி அறைக்குக் கூப்பிட்டு, "இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, உன்னை மட்டும்தான் நம்பியிருக்கிறேன்" என்ற அர்த்தத்தில் பேசினார். வெளியே வந்த ஒவ்வொருவரும் தான் ஒருவனே நம்பிக்கைக்குரியவன் என்ற பூரிப்போடு வந்தார்கள். காமகுரா அரசு பின்னாளில் தொகுத்த 'அசுமா ககாமி' என்ற நாட்குறிப்பு வரலாறே இதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. இது தந்திரம்தான். ஆனால் வாழ்நாள் முழுக்க யாரும் தனியாகக் கூப்பிட்டுப் பேசாத நாட்டுப்புற வீரர்களிடம் இது எப்படி வேலை செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் இரவுத் தாக்குதலில் இசுவின் துணை ஆளுநரைக் கொன்றார்கள். ஆறு நாள் கழித்து இஷிபாஷியாமா மலையில், சுமார் 300 பேரோடு, ஓபா ககெச்சிகாவின் 3,000 குதிரை வீரர்களிடம் மழையில் சிக்கிச் சின்னாபின்னமானார்கள். யோரிடோமோ மலைக்காட்டில் ஒளிந்தார். கொண்டை முடிக்குள் வைத்திருந்த கன்னோன் என்ற பௌத்தக் கருணைத் தெய்வத்தின் சின்னச் சிலையை எடுத்துப் பாறைக் குகையில் வைத்தாராம். தலையை வெட்டிக்கொண்டுபோய்ப் பார்க்கும்போது இந்தச் சிலை கிடைத்தால், மினமோட்டோ தளபதி செய்கிற காரியமா இது என்று பேசுவார்களே என்ற கவலை. எதிரிப் படையிலிருந்த கஜிவாரா ககெடோகி என்பவர் அவர் ஒளிந்திருந்த இடம் தெரிந்தும் தெரியாததுபோல் தன் ஆட்களை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போனார். அங்கிருந்து மனசுரு வழியாகப் படகேறிக் கடலைத் தாண்டி ஆவா மாகாணம் போய்ச் சேர்ந்தார்.

அதிலிருந்து ஏறக்குறைய நாற்பது நாளில் காமகுராவுக்குள் பெரும்படையோடு நுழைகிறார். எப்படி?

யார் மினமோட்டோ, யார் டைரா?

மினமோட்டோவுக்கும் டைராவுக்கும் நடந்த வம்சப் போர் என்று இதைச் சொல்லிச் சொல்லி நமக்கும் பழகிவிட்டது. வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி, எதிரெதிரே இரண்டு குடும்பம். ஆனால் யோரிடோமோவுக்குத் தோள் கொடுத்தவர்களின் வம்சாவளியைப் பார்த்தால் தலை சுற்றும். மாமனார் ஹோஜோ, டைரா வழி என்று சொல்லிக்கொண்டவர். சிபா ட்சுனேட்டானே, டைரா வழி. மியுரா குடும்பமும் டைரா வழி. இருபதாயிரம் குதிரை வீரர்களோடு வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படும் கஸுசா ஹிரோட்சுனே, அவரும் டைரா வழி. மறுபக்கம், யோரிடோமோ முதல் வேலையாகப் படையெடுத்து நொறுக்கிய ஹிட்டாச்சியின் சடாகே குடும்பம் சுத்தமான மினமோட்டோ. பின்னால் அவர் படை கொன்ற யோஷினாகா சொந்தச் சித்தப்பா மகன். ஆகவே ரத்தத்துக்காக யாரும் வரவில்லை. நிலத்துக்காக வந்தார்கள்.

கிழக்கு மாகாணங்களின் வீரர்கள் காட்டை வெட்டி, வாய்க்கால் இழுத்து, வயலாக்கிய குடும்பங்கள். ஆனால் காகிதத்தில் அந்த நிலம் கியோட்டோவின் பிரபுவுக்கோ பெரிய கோயிலுக்கோ சொந்தம். இவர்கள் அதில் மேலாளர்கள் மட்டும். தலைநகரில் ஆட்சி மாறினால், ஆளுநர் மாறினால், பக்கத்து ஊர்க்காரன் சரியான ஆளைப் பிடித்துவிட்டால், மூன்று தலைமுறை உழைத்த இடத்திலிருந்து ஒரே கடிதத்தில் வெளியேற்றப்படலாம். டைரா ஆட்சியின் கடைசி வருடங்களில் அவர்களுக்கு வேண்டியவர்கள் மாகாணம் மாகாணமாக வந்து உட்கார்ந்தபோது இந்தப் பயம் பலருக்கு நிஜமாகிவிட்டிருந்தது. கத்தி எடுத்தவனுக்குக் கத்தியைப் பற்றிப் பயமில்லை, தன் நிலத்தைப் பற்றித்தான் பயம்.

ஹிரோட்சுனே வந்த விதமே இதைக் காட்டுகிறது. அவர் தாமதமாக, பெரும்படையோடு சுமிதா ஆற்றங்கரைக்கு வந்தார். ஆள் சோப்ளாங்கியாக இருந்தால் அங்கேயே தலையைக் கொய்து டைராவிடம் கொடுத்துவிடலாம் என்ற எண்ணமும் அவர் மனதில் இருந்தது. இருபதாயிரம் பேர் வந்திருக்கிறார்களே என்று யோரிடோமோ குளிர்ந்துவிடவில்லை. ஏன் இவ்வளவு தாமதம் என்று கடிந்துகொண்டார். ஹிரோட்சுனே அசந்துபோய்ப் பணிந்தார். தன்னிடம் எதுவுமே இல்லாத நேரத்தில் அப்படிப் பேச முடிந்த மனிதர் தனக்கு நாளை நிலப்பட்டாவும் கொடுப்பார் என்று அந்த முரட்டு மனிதர் கணக்குப் போட்டிருக்கலாம். இது என் ஊகம்.

ஆற்றங்கரை

சரி, ஃபுஜி ஆறு. டைரா படை கியோமோரியின் பேரன் கொரெமோரி தலைமையில் கிழக்கே வந்தது. வழியெல்லாம் பஞ்சம், சேரவேண்டிய ஆட்கள் சேரவில்லை, இருந்தவர்களும் நழுவிக்கொண்டிருந்தார்கள். இரவில் மினமோட்டோ பக்கத்துத் தகேதா படை நகர, ஆற்றுச் சதுப்பிலிருந்த நீர்ப்பறவைகள் ஒரே நேரத்தில் எழும்பின. அந்தச் சத்தத்தைப் பெரும் தாக்குதல் என்று நினைத்து டைரா படை ஓட்டம் பிடித்தது. சண்டையே நடக்கவில்லை. இதுவும் யோரிடோமோவின் வெற்றி இல்லை, தகேதாக்களும் பறவைகளும் கொடுத்தது.

மறுநாள் அவர் ஓடுகிறவர்களைத் துரத்திக்கொண்டு கியோட்டோ போகச் சொன்னார். அப்பாவை வீழ்த்தியவர்கள் அங்கே இருக்கிறார்கள். இருபது வருடம் இசுவில் உட்கார்ந்து மந்திரம் ஜபித்துக்கொண்டு காத்திருந்தது இந்த நாளுக்காகத்தான். வழி திறந்து கிடக்கிறது. அவர் இடத்தில் யார் இருந்தாலும் போயிருப்பார்கள். அப்போது சிபா, மியுரா, ஹிரோட்சுனே மூவரும் முன்னால் வந்து தடுத்தார்கள். முதலில் கிழக்கை முடியுங்கள், ஹிட்டாச்சியில் சடாகே இன்னும் பணியவில்லை, முதுகுக்குப் பின்னால் எதிரியை வைத்துக்கொண்டு மேற்கே போகாதீர்கள் என்றார்கள். அவர்கள் மனதில் சடாகே மட்டும் இல்லை, சடாகேயுடன் அவர்களுக்கே நிலத்தகராறு இருந்தது. அதைத் தெரிந்துகொண்டேதான் யோரிடோமோ திரும்பியிருக்க வேண்டும்.

திரும்பினார். அதே நாளில்தான், கிசே ஆற்றங்கரை முகாமுக்கு வடக்கு ஹிரைசுமியிலிருந்து ஓடிவந்த இளைஞன் ஒருவன் அண்ணனைப் பார்க்க வேண்டும் என்று வாசலில் நின்றான். யோஷிட்சுனே. இருவரும் அழுதார்கள் என்று எழுதியிருக்கிறார்கள், நான் நம்புகிறேன்.

இரண்டு நாள் கழித்து சகாமி மாகாணத் தலைமையிடத்தில் அவர் செய்ததுதான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கும் இடம். கூடவந்தவர்களுக்கு முதல் முறையாகப் பரிசு வழங்கினார். ஏற்கெனவே அவர்கள் ஆண்டுவந்த நிலத்தை உறுதி செய்தார், சிலருக்குப் புது நிலம் கொடுத்தார். அந்த நேரத்தில் அரசவையின் பார்வையில் அவர் யார்? தேடப்படும் கலகக்காரர். பதவி பிடுங்கப்பட்டவர். பேரரசரின் கையெழுத்து இல்லை, ஆளுநரின் முத்திரை இல்லை. எந்த அதிகாரமும் இல்லாத ஒருவர், யாருடையதோ ஆன நிலத்தை, இது உன்னுடையது என்று எழுதிக் கொடுக்கிறார், வாங்குகிறவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறான். வாங்கிய அந்த நொடியில் அவனுக்கு வேறு வழி இல்லாமல் போகிறது. யோரிடோமோ ஜெயித்தால்தான் அந்தக் காகிதம் செல்லும். தோற்றால் நிலமும் போகும், தலையும் போகும். ஒரே நாளில் தன் உயிரையும் அவர்கள் நிலத்தையும் ஒரே முடிச்சில் போட்டுவிட்டார். சண்டையில் செத்துப்போகத் தயாராக இருப்பவர்கள் அன்றும் நிறையப் பேர் இருந்தார்கள். இப்படி ஒரு முடிச்சைப் போடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அதன் பிறகு அவசரமே இல்லை. அடுத்த மாதம் சடாகேயை அடக்கினார், வீரர்களைக் கண்காணிக்க ஒரு அலுவலகம் தொடங்கி வாடா யோஷிமோரியை அதற்குத் தலைவராக்கினார். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல் என்றிருந்த காமகுராவில் ஊர் எழுந்தது. 1182இல் மசாகோவின் சுகப்பிரசவத்துக்காக, மினமோட்டோக்களின் காவல் தெய்வமான ஹச்சிமானின் கோயிலிலிருந்து கடற்கரை நோக்கிச் சாலை போட்டபோது அவரே இறங்கி வேலை செய்தார், மாமனார் உட்படப் பிரபுக்கள் மண் சுமந்தார்கள். கியோட்டோ புதுப் புது ஆண்டுப்பெயர் அறிவித்தபோது, அது டைராவின் கைப்பாவை அரசவை சொன்னது என்று பழைய ஜிஷோ ஆண்டுப்பெயரிலேயே 1183 வரை கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

அங்கே மேற்கே என்ன நடந்தது? 1181இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் தலைநகர்த் தெருக்கள் பிணங்களால் நிறைந்தன. ஒரு துறவி இறந்தவர்களின் நெற்றியில் சமஸ்கிருத 'அ' எழுத்தை எழுதி எழுதி நற்கதிக்கு வேண்டிக்கொண்டே போனார், நகரின் ஒரு பாதியில் மட்டும், இரண்டு மாதத்தில், எண்ணிக்கை 42,300ஐத் தாண்டியது. இந்த நகரத்துக்குள்தான் 1183இல் டைராவைத் துரத்திக்கொண்டு யோஷினாகா பெரும்படையோடு நுழைந்தார். வீரர்களுக்குச் சோறில்லை. கொள்ளையடித்தார்கள். மீட்பராக வரவேற்றவர்களே சபித்தார்கள். அடுத்த ஜனவரியில் அவாசு வயல்களின் உறைபனிச் சேற்றில் குதிரை சிக்கி, முகத்தில் அம்பு வாங்கிச் செத்தார். 1180இலேயே கியோட்டோ போயிருந்தால் யோரிடோமோவுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

ஹிரோட்சுனேயின் கணக்கு

இங்கேதான் என்னால் அவரை மன்னிக்க முடியாத இடமும் வருகிறது. அது தம்பி விஷயம் இல்லை.

1183 பத்தாம் மாதம், யோஷினாகாவைக் கண்டு பயந்துபோன ஓய்வு பெற்ற பேரரசர் கோ ஷிராகவா யோரிடோமோவுடன் ஒப்பந்தத்துக்கு வந்தார். கிழக்கு மாகாணங்களில் பிரபுக்களுக்கும் கோயில்களுக்கும் சேரவேண்டிய வரியை ஒழுங்காக அனுப்பிவைப்பார், பதிலுக்கு அங்கே அவர் அதிகாரம் செல்லும். பழைய பதவியும் திரும்பி வந்தது. கலகக்காரர் சட்டப்படியானவர் ஆனார். கையில் கொடுத்திருந்த காகிதங்களுக்கெல்லாம் இப்போது மதிப்பு வந்தது.

இரண்டே மாதத்தில், கஸுசா ஹிரோட்சுனே கொலை செய்யப்பட்டார். கஜிவாரா ககெடோகி அவருடன் சுகோரோகு என்ற பகடை விளையாட்டு ஆடிக்கொண்டிருக்கும்போதே பாய்ந்து கழுத்தை வெட்டினார். உத்தரவு யோரிடோமோவுடையது. பின்னாளில் கோ ஷிராகவாவிடம் அவரே காரணம் சொன்னதாக அக்காலத் துறவி ஒருவர் எழுதியிருக்கிறார்: அரசவையைப் பற்றி எதற்கு இவ்வளவு கவலை, நாம் பாட்டுக்குக் கிழக்கில் இருந்தால் நம்மை யார் அசைக்க முடியும் என்று ஹிரோட்சுனே பேசினாராம், அப்படிப்பட்டவனை வைத்திருக்கக் கூடாது என்று கொன்றாராம்.

ஃபுஜி ஆற்றங்கரையில் ஹிரோட்சுனே சொன்னதும் இதே வார்த்தைதானே? கியோட்டோ வேண்டாம், கிழக்கைப் பாருங்கள். மூன்று வருடம் முன்பு அதைக் கேட்டுத்தான் யோரிடோமோ பிழைத்தார், வளர்ந்தார். அதே யோசனை இப்போது குற்றம். ஹிரோட்சுனே வணங்காமுடி, அது உண்மை. 1181இல் யோரிடோமோவின் முன் எல்லோரும் குதிரையிலிருந்து இறங்கி மண்டியிட்டபோது, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக யாருக்கும் இப்படி இறங்கியதில்லை என்று குதிரை மேலிருந்தே தலையைச் சாய்த்தவர். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு ஆட்சி நடத்துவது கஷ்டம்தான், புரிகிறது. ஆனால் கொலைக்குப் பிறகு, ஹிரோட்சுனே தன் ஊர்க் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்திருந்த கவசத்தில் ஒரு வேண்டுதல் ஓலை கட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். யோரிடோமோ நினைத்தது நிறைவேற வேண்டும், கிழக்கு அமைதியாக இருக்க வேண்டும், நிறைவேறினால் கோயிலுக்கு நிலம் எழுதிவைக்கிறேன், பத்தாயிரம் அம்பு எய்து காணிக்கை செலுத்துகிறேன் என்று எழுதியிருந்தது. துரோகத்தின் சுவடே இல்லை. யோரிடோமோ வருந்தினார், சிறையிலிருந்த ஹிரோட்சுனேயின் தம்பிகளை விடுவித்தார். நிலத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே சிபா போன்றவர்களிடம் போய்விட்டிருந்தது.

யோஷிட்சுனேயின் கதை இதற்குப் பிறகு வருவதால் எனக்கு அது அதிர்ச்சியாக இல்லை. இச்சினோதானி, யாஷிமா, 1185இல் டன்னோஉரா என்று அவர் அடுத்தடுத்து ஜெயித்தது மேதைமைதான், சந்தேகமே இல்லை. டன்னோஉராவில் குழந்தைப் பேரரசர் அன்டோகு பாட்டியின் கையில் கடலுக்குள் போனதோடு டைரா கதை முடிந்தது. ஆனால் யோஷிட்சுனே அதற்கு முன்பே அண்ணனைக் கேட்காமல் அரசவையிடம் நேரடியாகப் பதவி வாங்கியிருந்தார். இது மரியாதைக் குறைவுப் பிரச்சினை இல்லை. யார் பரிசு கொடுப்பது என்பதுதான் யோரிடோமோவின் மொத்த பலமும். வீரன் ஒவ்வொருவனும் கியோட்டோவிலேயே நேராகப் பதவி வாங்கிக்கொள்ளலாம் என்றால், காமகுரா எதற்கு? அதே 1185இல், அப்படிப் பதவி வாங்கிய இருபதுக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு அவர் அனுப்பிய கடிதத்தைப் படித்தால் அந்த ஆத்திரம் இன்றும் சுடும். சுனோமாட்டா என்ற ஊருக்குக் கிழக்கே கால் வைத்தால் தலை இருக்காது என்று எழுதிவிட்டு, ஒவ்வொருவன் பெயருக்குக் கீழும் தனித்தனியாகத் திட்டியிருக்கிறார். ஒருவனுக்கு எலிக்கண் என்று, இன்னொருவனுக்குக் கரகரத்த குரல் என்று. ஒவ்வொருவராகத் தனியறையில் கூப்பிட்டு உன்னை மட்டுமே நம்புகிறேன் என்றவர், ஒவ்வொருவராகவேதான் திட்டவும் செய்தார்.

அந்தக் கோபம் யோஷிட்சுனேயை நான்கு வருடம் துரத்தி, 1189இல் கொரொமோகாவாவில் தற்கொலைக்குத் தள்ளியது. தலை சாகே என்ற அரிசி மதுவில் ஊறவைக்கப்பட்டு வந்தது. அதற்கு முன்பே, தம்பியைப் பிடிக்க வேண்டும் என்ற காரணத்தைக் காட்டியே, 1185 கடைசியில் மாகாணங்களில் காவல் அதிகாரிகளையும் பண்ணை நிலங்களில் தன் ஆட்களையும் நியமிக்க அரசவையிடம் அனுமதி வாங்கிவிட்டிருந்தார். 1192இல் ஷோகுன் என்ற படைத் தலைவர் பட்டம் வந்தபோது ஆட்சி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

காமகுராவில் அவருடைய சமாதியைப் பார்த்திருக்கிறேன். ஹச்சிமான் கோயிலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்து, படிகள் ஏறினால், ஆள் உயரத்துக்கு ஒரு கல் அடுக்கு, அதுவும் பதினெட்டாம் நூற்றாண்டில் சட்சுமா பிரபு அமைத்தது. அன்று அங்கே கூட்டமே இல்லை. எனக்கு அது அநியாயமாகத் தோன்றியது, ஏன் அப்படித் தோன்றியது என்பதை எழுதிப் பார்க்கத்தான் இவ்வளவும். 1199இல் அவர் இறந்த பிறகு மகன்கள் இருவருமே கொலையானார்கள், 1219இல் நேர் வம்சம் முடிந்தது. ஆனால் 1221இல் அரசவை படை திரட்டியபோது, மசாகோ வீரர்களைக் கூப்பிட்டு, பதவியும் நிலமும் உங்களுக்கு யாரால் வந்தது என்று நினைவுபடுத்தினார், அவர்கள் கியோட்டோ மீது போனார்கள், இந்த முறை ஜெயித்தார்கள்.

1232இல், மசாகோவின் தம்பி மகனும் அப்போது காமகுரா ஆட்சியை நடத்தியவருமான ஹோஜோ யாசுடோகி 51 விதிகள் கொண்ட சட்டத்தொகுப்பைக் கொண்டுவந்தார். அதில் ஏழாவது விதி, யோரிடோமோ காலத்திலிருந்து ஷோகுன்களும் மசாகோவும் கொடுத்த நிலங்களைப் பழைய சொந்தக்காரர் வழக்குப் போட்டுத் திரும்பப் பெற முடியாது என்கிறது. கலகக்காரர் எழுதிக்கொடுத்த காகிதம் ஐம்பது வருடத்தில் அசைக்க முடியாத சட்டமாகிவிட்டது. ஹிரோட்சுனேயின் நிலம் அப்போது சிபா குடும்பக் கிளை ஒன்றிடம் இருந்தது. அவர் வழியில் யாராவது வந்து கேட்டிருந்தால், இதே விதியைக் காட்டித்தான் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.